வாங்கும் முன் ஒருமுறை விற்றுப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 33. ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் வருகிறது. படப்பையில் 9,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். எஃப்.டி., சீட்டு எல்லாம் சேர்த்துக் கையில் 14 லட்சம் இருக்கிறது. அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு லே-அவுட்டில் 1,200 சதுர அடி மனை பார்த்தோம். சதுர அடி 900 ரூபாய். என் சித்தப்பா மகன்தான் ஏஜென்ட். மூன்று வருடத்தில் டபுள் ஆகும் என்கிறான். 25,000 டோக்கன் கொடுத்துவிட்டேன். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 250 ரூபாய்தானாம். அந்த விலைக்கே பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் பதிவுச் செலவு மிச்சம் என்கிறார்கள். மாமனாரோ மனையே வேண்டாம், கூடுவாஞ்சேரியில் பழைய ஃபிளாட் ஒன்று 42 லட்சத்துக்கு வருகிறது, லோன் போட்டு வாங்கி 12,000 வாடகைக்கு விடலாம் என்கிறார். எது நல்ல முதலீடு? டி.டி.சி.பி. அப்ரூவல் இருந்தால் போதுமா? அவர்கள் கொடுத்த பத்திர நகல்களை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், படப்பை

பதில்: நகல்களையும் சேர்த்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலும் கலர் பிரசுரத்தை மட்டும் அனுப்பிவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்பார்கள். உங்கள் பத்திரக் கட்டில் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. அதற்கு வருமுன் ஒரு விஷயம்.

நீங்கள் குடியிருக்க மனை தேடவில்லை, லாபத்துக்கு விற்கத் தேடுகிறீர்கள். அப்படியானால் இந்த மனையை உங்களிடமிருந்து யார் வாங்குவார் என்பதுதான் முதல் கேள்வி. இன்று வேனில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, ஏசி அறையில் உட்கார வைத்து விற்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது அந்த வேன் உங்களுக்காக ஓடாது. அன்றைக்கு வருகிறவர் பேங்க் லோனில் வாங்குவார். பேங்க் வக்கீல் ஒவ்வொரு தாளையும் புரட்டுவார். அவர் "ஒப்பீனியன் தர முடியாது" என்று எழுதிவிட்டால் மனை உங்கள் பெயரில் இருக்கும், பணமாகாது.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களை வரிசையாகக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். அந்த லே-அவுட்டின் சர்வே எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நிறுவனம் விற்ற பத்திரங்கள் வரிசையாக வரும். அவற்றில் நிறுவனத்திடம் வாங்கியவர் இன்னொருவருக்கு விற்ற பத்திரம் எத்தனை என்று எண்ணுங்கள். நாலைந்து வருடமாகிவிட்ட லே-அவுட்டில் ஒரு மறுவிற்பனைகூட இல்லையென்றால், இந்த 900 ரூபாய் நிறுவனம் சொல்லும் விலை மட்டும்தான். சந்தை இன்னும் அதற்கு விலை சொல்லவில்லை. அப்புறம் நண்பர் ஒருவரை விட்டு அதே அலுவலகத்துக்குப் போன் செய்து, "எனக்கு அங்கே ஒரு மனை இருக்கிறது, விற்றுத் தருவீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். "ரீசேல் நாங்க எடுக்கறதில்ல சார்" என்று பதில் வந்தால் அதையே உங்கள் சித்தப்பா மகனிடம் சொல்லிப் பாருங்கள்.

டபுள் கணக்கையும் போட்டுவிடலாம். மூன்று வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் வருடத்துக்குச் சுமார் 26 சதவீதம் கூட்டு வளர்ச்சி. மனை 10,80,000. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 97,200. பட்டா, வக்கீல், அலைச்சல் எல்லாம் சேர்த்து 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே பணத்தை 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி.யில் போட்டால் ஐந்து வருடத்தில் 16.8 லட்சம் ஆகும். அந்த எஃப்.டி.யைத் தொடுவதற்கே உங்கள் மனை சதுர அடி 1,400 ரூபாய்க்கு விற்க வேண்டும், அதுவும் புரோக்கர் கமிஷன் போக. விற்காது என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் 1,400 கொடுத்து வாங்குகிறவர் யார், எதற்காக வாங்குவார் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். வீடு கட்டிக் குடியேற ஆள் வருகிற இடமா, இல்லை உங்களைப் போலவே விற்பதற்காக வாங்குகிறவர்கள் மட்டும் வருகிற இடமா? ஒரு வேலை நாளில் பஸ்ஸில் போய் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் பாதி தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு முறை போங்கள். அந்த வட்டாரம் முழுக்க ஏரியும் வாய்க்காலும்தான். சித்திரையில் மைதானமாகத் தெரிகிற இடத்தில் கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

இனி பத்திரங்கள். நீங்கள் அனுப்பிய கட்டில் ஏழு தாள்கள். 1974-இல் ஒருவர் நான்கு ஏக்கர் கிரயம் வாங்குகிறார். 1996-இல் இறக்கிறார். 1998-இல் மனைவியும் மூன்று மகன்களும் பாகப்பிரிவினை செய்துகொள்கிறார்கள். 2021-இல் மகன்கள் மூவரும் தங்கள் சார்பில் விற்க நிறுவனத்துக்குப் பொது அதிகாரம் எழுதித் தருகிறார்கள். அதை வைத்து நிறுவனம் மனை பிரித்து விற்கிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆறாவது தாளைப் பாருங்கள். அது வாரிசுச் சான்று. அதில் ஆறு பேர்: மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மகள்கள் இருவரும் 1998 பத்திரத்தில் எங்குமே இல்லை.

நிலம் அவர் சொந்தப் பணத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் இறந்தார் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் ஐவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. மகள்களுக்குச் சம உரிமை வந்ததே 1989-க்குப் பிறகுதான், 2005-க்குப் பிறகுதான் என்று ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். அந்தத் திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு உண்டு. ஆக இந்த நான்கு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு கையெழுத்துப் போடாத இரண்டு பெண்களுடையது. அதுவும் பிரிக்கப்படாத பங்கு. உங்கள் மனை தப்பிய பகுதியில் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

நிறுவனத்தில் கேட்டால் என்ன பதில் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: "அவங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு சார், நகை, சீர் எல்லாம் அப்பவே செஞ்சாச்சு." சீர் செய்ததால் சொத்துரிமை போய்விடாது. அந்த இரு பெண்களும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். யாராவது காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகள் எழுதித் தர வேண்டும். அல்லது தகப்பனார் உயில் எழுதியிருந்தால் அதைக் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்றுமே உங்கள் கட்டில் இல்லை. ஒருவேளை விடுதலைப் பத்திரம் இருந்து, நகல் மட்டும் உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். அதையும் சரிபார்க்க முடியாதபடி அவர்கள் தந்த வில்லங்கச் சான்று 2010-இல்தான் தொடங்குகிறது. 1998 பாகப்பிரிவினையே அதில் வராது. குறைந்தது 30 வருடம் பார்ப்பது பேங்க் வழக்கம். உங்கள் விஷயத்தில் 1974-லிருந்தே போட்டுப் பாருங்கள். பழைய சர்வே எண், உட்பிரிவு ஆன புதிய எண், இரண்டிலும் தேட வேண்டும்.

எனக்கு இந்த மாதிரிக் கட்டுகள் அடிக்கடி வருகின்றன. நிலம் ஏக்கர் கணக்கில் கிடக்கும்வரை அக்கா தங்கைகள் யாரும் கேட்பதில்லை. கல் நட்டு, ஆர்ச் கட்டி, மனை லட்சக் கணக்கில் போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. பாகப்பிரிவினை வழக்கு போடும்போது மனை வாங்கியவர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பார்கள். வழக்கு முடியும்வரை உங்களால் விற்கவும் முடியாது, லோன் வாங்கிக் கட்டவும் முடியாது.

அதிகாரப் பத்திரத்தில் இன்னொரு சோதனை உண்டு. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அவர் கொடுத்த அதிகாரமும் அன்றோடு முடிந்தது. 2021-இல் கையெழுத்துப் போட்ட மூவரும் இன்று உயிரோடு இருக்கிறார்களா, இடையில் யாராவது ரத்து செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் கிரயப் பத்திரத்தில் அவர்களே நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூன்றில் ஒருவர் வர மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

அப்ரூவல் இருந்தால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்புத் துறை பார்ப்பது சாலை அகலம், பூங்கா இடம், மனைப் பிரிவு ஆகியவற்றை. நிலம் யாருடையது என்ற தகராறைத் தீர்ப்பது அந்தத் துறையின் வேலை இல்லை. ஆனால் அப்ரூவல் இல்லாமலும் ஆகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமில்லாத மனையைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய முடியாது. பஞ்சாயத்து அப்ரூவல் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். லே-அவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. உங்கள் நகலில் அப்ரூவல் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய வரைபடத்தை வாங்கி, உங்கள் மனை எண்ணும் சர்வே எண்ணும் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். முதல் கட்டத்துக்கு வாங்கிய எண்ணைப் பிரசுரத்தில் அச்சடித்துவிட்டு இரண்டாம் கட்ட மனையை விற்கிற வேலை நடக்கிறது.

ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விஷயமும் இதோடு சேர்ந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டை ரேராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. ஏஜென்ட்டும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்; சித்தப்பா மகனிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் சங்கடம் வேண்டாம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. உங்கள் கணக்கில் அது 1,08,000. ஆகவே "அடுத்த வாரத்துக்குள் பாதி கட்டுங்கள்" என்றால் மறுக்கலாம். பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் அந்தச் சட்டத்தில் உண்டு. உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால் நிறுவனம் ஈடு தர வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. நல்ல பிரிவுதான். ஆனால் பதினைந்து வருடம் கழித்து அந்த நிறுவனம் அதே பெயரில், அதே இடத்தில் இருக்க வேண்டுமே.

அடுத்து, குறைத்துப் பத்திரம் போடும் யோசனை. சட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, லாபமா நஷ்டமா என்று மட்டும் பாருங்கள். 3 லட்சத்துக்குப் பதிவு செய்தால் செலவு 27,000. முழு விலைக்குச் செய்தால் 97,200. மிச்சம் 70,200. சரி. நாளை 14 லட்சத்துக்கு விற்கிறீர்கள், வாங்குகிறவர் லோனில் வாங்குவதால் முழுத் தொகையும் பத்திரத்தில் வருகிறது என்று வையுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. முழு விலைக்குப் பதிந்திருந்தால் பதிவுச் செலவும் சேர்த்து உங்கள் அடக்கம் 11,77,200. லாபம் 2,22,800, வரி 27,850. குறைத்துப் பதிந்திருந்தால் அடக்கம் வெறும் 3,27,000. லாபம் 10,73,000, வரி 1,34,125. செஸ் தனி. எழுபதாயிரத்தை மிச்சம் பிடித்து ஒரு லட்சத்து ஆறாயிரத்தைக் கூடுதலாகக் கட்டுவீர்கள். மிச்சமானது நிறுவனத்துக்குத்தான், அவர்கள் கணக்கில் 7,80,000 ரூபாய் வரவே இல்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தாலும் உங்களிடம் 3 லட்சத்துக்குத்தான் ஆதாரம் இருக்கும். இப்போது சட்டம்: நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். கொடுத்தவரிடம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

நேர்வழியிலேயே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் இது இருக்கிறது. உங்கள் மனை 10.8 லட்சம் என்பதால் வராது. சதுர அடி 833 ரூபாய்க்குப் பேசி முடித்தால் வரும். இந்த மனை இல்லாவிட்டாலும் அடுத்த மனைக்கு இந்தக் கணக்கை மனைவியிடம் சொல்லி வையுங்கள்.

மாமனார் சொல்லும் ஃபிளாட்டுக்கு வருகிறேன். 42 லட்சத்துக்கு பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 33.6 லட்சம் தரலாம். கைப்பணம் 8.4 லட்சம், பதிவு 3.78 லட்சம். பெயிண்ட், பிளம்பிங் என்று கை வைத்தால் உங்கள் 14 லட்சம் அங்கேயே தீர்ந்துவிடும். 8.5 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 29,150. வாடகை 12,000. மாதா மாதம் 17,000 கையிலிருந்து போட வேண்டும், உங்கள் சொந்த வாடகை 9,000 போக. வருடத்துக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், சொத்துவரி, பராமரிப்பு எல்லாம் கழித்தால் 42 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம் நின்றால் பெரிது. வாடகைக்கு விடுவதற்காக இதை வாங்க வேண்டாம். நீங்களே குடிபோவதாக இருந்தால் பேச்சு வேறு. வீட்டு வாடகை மிச்சமாகும், குழந்தை பள்ளிக்கு ஒரு இடம் நிலைக்கும். அதைக் குடும்ப முடிவாக எடுங்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். எடுக்கும் பட்சத்தில் அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தையும், உங்கள் பங்குக்கு எத்தனை சதுர அடி பிரிபடாத நிலம் வருகிறது என்பதையும் முதலில் கேளுங்கள். பழைய ஃபிளாட்டில் வருடா வருடம் விலை ஏறுவது அந்த நிலப் பங்குதான். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 14 லட்சத்தில் 4 லட்சத்தைத் தொட மாட்டேன். ஒரகடத்தில் வேலை எப்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மீதிப் பணத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அச்சிறுபாக்கம் உங்களுக்குத் தெரியாத ஊர். படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரை உள்ள சாலை தெரிந்த ஊர். எந்த ஏரி எப்போது நிரம்பும், எந்தத் தொழிற்சாலைக்காரர்கள் எங்கே வாடகைக்கு வீடு தேடுகிறார்கள் என்று தினமும் பைக்கில் போகும்போதே பார்க்கிறீர்கள். அங்கே விலை கூடுதலாக இருக்கும். 600 சதுர அடியோ 800 சதுர அடியோ, வீடு கட்டிக் குடியிருக்கிற தெருவில் கிடைத்தால் அதை விற்க உங்களுக்கு வேன் தேவைப்படாது.

நிலமே வேண்டாம், கட்டடத்து வாடகையில் பங்கு மட்டும் போதும் என்றால் ரெய்ட் (வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளை) என்று ஒன்று இருக்கிறது. டீமேட் கணக்கு இருந்தால் பங்கு போலவே ஒரு யூனிட்கூட வாங்கலாம். வடபழனி விஜயா மால்கூட அப்படியொரு ரெய்ட்டுக்குச் சொந்தமானது. பகிர்வதற்கு உரிய வருமானத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. யூனிட் விலை ஏறும், இறங்கும். எது நல்லது என்று சொல்வது என் தொழில் இல்லை. பட்டா, வில்லங்கம், அக்கா தங்கை எதுவும் பார்க்க வேண்டாம் என்ற வசதி மட்டும் எனக்குத் தெரியும்.

கடைசியாக அந்த 25,000. "டோக்கன் திரும்பத் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து, போட்ட பணம் போய்விடுமே என்று மீதிப் பத்தரை லட்சத்தைப் போடாதீர்கள். சித்தப்பா மகனிடம் வாய்ப்பேச்சாகப் பேச வேண்டாம், வீட்டில் வருத்தம்தான் மிஞ்சும். நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும், ஸ்பீட் போஸ்ட்டிலும். இப்படி எழுதினால் போதும்:

"தங்கள் லே-அவுட்டில் மனை எண் ___-க்காக ___ தேதியில் 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துள்ளேன். 1974 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றில் உள்ள இரு மகள்களின் பதிவு செய்த விடுதலைப் பத்திரம், 2021 பொது அதிகாரம் நடப்பில் இருப்பதற்கான ஆதாரம், ரேரா பதிவு எண் ஆகியவற்றைப் பதினைந்து நாட்களுக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கிரயம் முழு விலைக்கும் பதிவு செய்யப்பட வேண்டும். தொகை முழுவதையும் வங்கி வழியாகவே தருவேன். ஆவணங்களைத் தர இயலாவிட்டால் முன்பணத்தை என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்."

ஆவணங்கள் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன். பணம் வந்தால் அதுவும் நல்லதே. இரண்டும் வராமல் போன் மட்டும் வந்தால், ரேரா ஆணையத்தில் புகார் கொடுக்க இந்தக் கடிதமும் ரசீதும் உங்களிடம் இருக்கும்.